இலை ஊதும் மெசின்

கனடாவுக்கு வந்த முதல் இலையுதிர் காலத்தில், ஒரு சனிக்கிழமை காலை, எதிர்வீட்டுக்காரர் முதுகில் ஒரு மெசினை மாட்டிக்கொண்டு, நீளமான குழாயைக் கையில் பிடித்தபடி புல்தரையில் இறங்குவதைப் பார்த்தேன். மறுநிமிடம் வீட்டு ஜன்னல்களையெல்லாம் அடைத்தேன். பின்பக்கக் கொடியில் கிடந்த துணிகளை அள்ளி உள்ளே போட்டேன். அடுப்பிலிருந்த கறிச்சட்டியை மூடினேன். அப்புறம்தான் தூங்கிக்கொண்டிருந்த கணவரைத் தட்டி எழுப்பினேன்.

"என்னங்க, மருந்தடிக்கிறாங்க. வெளிய போயிராதீங்க."

அவர் எழுந்து வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "மருந்தும் இல்ல ஒண்ணும் இல்ல செல்வி. அந்த மனுசன் எலைய ஊதுறாரு."

"எலைய எதுக்குங்க ஊதணும்?"

அவர் தலையைச் சொறிந்தார். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர்தான் அவரும்.

நான் பிறந்தது அதே மலையகத்தில் உடப்புசல்லாவைப் பக்கம். அப்பா மருந்தடிக்கும் ஆட்களில் ஒருவர். மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் போட ஆரம்பித்தால் பெட்ரோலில் ஓடும் மெசினை முதுகில் சுமந்துகொண்டு மலைமலையாக ஏறி இறங்குவார். சத்தம் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, கிட்டே வரும்போதே அம்மா கத்துவார்: "துணிய எடு, சட்டிய மூடு, தங்கச்சிய உள்ளுக்குத் தூக்கு!" வேலை முடிந்ததும் அப்பா நேராக மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போய், அந்தக் குளிரிலும் தலையோடு தண்ணீரில் நின்றுவிட்டுத்தான் எங்களிடம் வருவார். வந்து ஒரு மணி நேரத்துக்கு நாங்கள் என்ன பேசினாலும் அவருக்குக் கேட்காது. மெசின் சத்தம் காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் என்பார். நாளாக ஆக அந்த ஒரு மணி நேரம் நீண்டுகொண்டே போனது. எனக்குக் கல்யாணமான வருடம் அவருக்கு ஒரு காதுதான் மிச்சம். இப்போது அதுவும் அரைகுறை. காதுக்கு எதையாவது வைத்து மூடிக்கொள்ளச் சொல்லி யாரும் அவரிடம் சொன்னதில்லை. எனக்கும் தங்கச்சி மலருக்கும் காலுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வந்தது அந்த மெசினால்தான். அதைத் திட்டவும் எனக்கு வாய் வருவதில்லை.

அந்த முதல் வாடகை வீட்டை விட்டுப் பல வருடம் அடுக்குமாடியில் இருந்துவிட்டு, போன வருடத்துக்கு முந்திய வருடம் டொரொண்டோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இந்தச் சிறிய வீட்டை வாங்கினோம். வீட்டைவிட அதன் முன்னால் இருந்த புல்தரைதான் எனக்கு அதிசயம். லயத்தில் எங்கள் அறை வாசற்படியோடு முடிந்துவிடும். படிக்கு வெளியே இருக்கும் மண் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம். அதில் நான்கு கீரை நட்டாலும் யாராவது வந்து பிடுங்கச் சொல்லலாம் என்ற பயம் இருக்கும். இங்கேயோ தெரு வரைக்கும் எங்கள் மண். அதைச் சுத்தமாக வைத்திருக்காவிட்டால் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களோ என்று எனக்குள் ஒரு நடுக்கம். கணவர் லொறி ஓட்டுகிறார். போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள். வீடும் வாசலும் என் பொறுப்பு.

பக்கத்து வீட்டில் வால்டர் என்று எழுபது தாண்டிய ஒருவர் இருக்கிறார். நாங்கள் குடிவந்ததற்கு முந்திய குளிர்காலத்தில் மனைவியை இழந்தவர். என் பெயரை எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் 'ஷெல்லி' என்றுதான் கூப்பிடுவார். அவருடைய முற்றத்துக்கும் எங்கள் முற்றத்துக்கும் இடையில் வேலி கிடையாது. பெரிய மேப்பிள் மரம் ஒன்று, அதன் கீழே நீளமாக ஒரு மண்பாத்தி. ஒக்டோபர் மாதத்தில் அந்த மரம் இரண்டு முற்றத்தையும் முழங்கால் அளவுக்கு நிரப்பிவிடும். எங்கள் மலையில் தேயிலைக்கு நிழல் தரும் மரங்களும் இலை உதிர்க்கும்தான். ஆனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்பதில்லை.

ஒரு நாள் நான் பல் வைத்த வாரியால் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி என் வலது தோள் ஏற்கெனவே போயிருந்தது. கால்வாசி முடிவதற்குள் கை மேலே எழும்பவில்லை. வால்டர் வந்து மரத்தடியைக் காட்டி, "லீவ் த லீவ்ஸ், ஷெல்லி" என்றார். என் காதில் விழுந்தது 'லீவ்ஸ், லீவ்ஸ்' என்றுதான். இலை, இலை என்று சுட்டிக்காட்டுகிறார், இன்னும் அள்ளவில்லையே என்கிறார் என்று நினைத்தேன். "சொரி, வால்டர். சீக்கிரம் செய்கிறேன்" என்றேன். அவர் கொஞ்சம் குழம்பி, பிறகு தலையாட்டி, நன்றி சொல்லிவிட்டுப் போனார். மனைவியை இழந்த மனிதர் சொல்லித்தான் என் குப்பையை நான் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு அவமானமாகப் போயிற்று. மறுநாளே மெசின் வாங்கக் கிளம்பினேன்.

கடையில் ஒரு சுவர் முழுக்க இலை ஊதிகள். விற்பனைக்கு நின்ற பெண்ணிடம் சத்தம் குறைந்த மெசின் வேண்டும் என்பதை "லோ வாய்ஸ்" என்று கேட்டுவிட்டேன். அவள் கண்ணைச் சிமிட்டி, "இவை எதுவுமே பேசாது" என்றாள். இரண்டு பேரும் சிரித்ததில் எனக்குக் கூச்சம் போய்விட்டது. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். முதலாவது, சுவர் மின்சாரத்தில் ஓடுவது. கையில் வைத்தால் சேலைக் கட்டு ஒன்றைத் தூக்கியது போல அத்தனை இலேசு. ஆனால் வயரை முற்றம் முழுக்க இழுத்துக்கொண்டு திரிய வேண்டும், மரத்தில் சுற்றும், ஈரமான நாளில் பயம். இரண்டாவது, பெட்ரோலில் ஓடும் முதுகு மெசின். ஈர இலை, சுள்ளி எல்லாவற்றையும் ஒரே அடியில் தள்ளிவிடுமாம். முற்றம் பெரிதென்றால் இதுதான் சரி என்றாள். மாட்டிப் பார்க்கச் சொல்லி வாரை நீட்டினாள்.

நான் முதுகைத் திருப்பினேன். வார் இரண்டும் தோளில் இறங்கின. கனம் பெரிதில்லை. ஆனால் எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அப்பாவின் சட்டையில் தோள் இரண்டும் மட்டும் எப்போதும் நைந்து போயிருப்பதும், அம்மா அதற்கு உள்பக்கமாகத் துணி வைத்துத் தைப்பதும் ஞாபகம் வந்தது. "வேண்டாம்" என்று கழற்றிக் கொடுத்தேன். அந்தப் பெண் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

மூன்றாவது, பட்டரியில் ஓடுவது. கையில் பிடிக்கலாம், புகையில்லை. ஒரு தடவை சார்ஜ் செய்தால் இருபது நிமிடம்தான் முழு வேகத்தில் ஓடும். காற்றின் வேகம் ஒன்று, எவ்வளவு காற்று வருகிறது என்பது இன்னொன்று, இரண்டையும் பார்க்க வேண்டும் என்று விளக்கினாள். வேகம் மட்டும் இருந்தால் ஒட்டிய இலையைப் பெயர்க்கும், காற்றளவு இருந்தால்தான் குவியலை நகர்த்தும். பட்டரியின் கனம் கைப்பிடிக்கு நேர் கீழே இருக்கிறதா, பின்னால் தொங்குகிறதா என்பதும் முக்கியம். பின்னால் தொங்கினால் மணிக்கட்டு வலிக்கும். இரண்டு மூன்று பட்டரி மெசின்களைத் தூக்கிப் பிடித்தபடி ஐந்தைந்து நிமிடம் கடையிலேயே நடந்தேன். அப்படியே மலருக்கு வீடியோ கோல் எடுத்தேன். ஊரில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அக்கா மெசின் வாங்குதாம்! எலைய ஊதுற மெசின்!" என்று மலர் அவர் காதுக்குள் கத்தினாள்.

"எலைய ஊதவா?" என்று அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "பெட்ரோல்ல எண்ணெ எம்புட்டு கலக்கணும்னு கேளு தாயி. கலவ தப்புனா மெசின் புடிச்சுக்கும்."

"எண்ணெ இல்லப்பா. பட்டரி!" என்று கடையென்றும் பாராமல் கத்தினேன்.

அவர் முகம் கொஞ்சம் வாடியது. பெட்ரோல் இல்லாததை மெசின் என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் இல்லை. பிறகு திரைக்குக் கிட்டே வந்து கேட்டார். "முதுகுல போடுறதா, கையில புடிக்கிறதா?"

கையைத் தூக்கிக் காட்டினேன்.

"அப்ப சரி. அதையே வாங்கு. காதுக்கும் எதாச்சும் வாங்கிக்க."

மெசினையும் காதுமூடி ஒன்றையும் வாங்கினேன்.

அடுத்த நாள் காலை வெயில் நன்றாக இருந்தது. காதை மூடிக்கொண்டு மெசினைக் குறைந்த வேகத்தில் முடுக்கினேன். இலைகள் ஆட்டு மந்தை மாதிரி எனக்கு முன்னால் ஓடின. அரை மணி நேரத்தில் எங்கள் முற்றம் துடைத்து வைத்தது போல ஆகிவிட்டது. பட்டரியில் இன்னும் மிச்சம் இருந்தது. வால்டருக்கு ஓர் உதவியாக இருக்கட்டும் என்று மரத்தடிப் பாத்தியையும் ஊதினேன். அங்கே இலை தடிப்பாகப் படிந்திருந்தது. வேகத்தைக் கூட்டி, மண் தெரியும்வரை ஊதி, எல்லாவற்றையும் காகிதப் பைகளில் அடைத்துத் தெருவோரத்தில் வைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் வால்டர் பாத்தியருகே நிற்கிறார். அவர் வந்ததே எனக்குக் கேட்டிருக்கவில்லை. காதுமூடியைக் கழற்றினேன். அவர் வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டு, "இது ஆனுடையது" என்றார். ஆன் என்பது அவர் மனைவியின் பெயர். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவருக்குப் போன் செய்து, லொறியை நெடுஞ்சாலையில் ஓரமாக நிறுத்தச் சொல்லி, நடந்ததையெல்லாம் சொன்னேன். வால்டர் இரண்டு நாளைக்கு முன் மரத்தடியைக் காட்டிச் சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"செல்வி, அவரு எலைய அள்ளச் சொல்லல. எலைய அப்படியே விட்ருன்னு சொல்லியிருக்காரு. அந்த அம்மா நட்ட பூக்கெழங்கு மண்ணுக்குள்ள இருக்கும். பனிக்கு அந்த எலைதான் அதுக்குப் போர்வ."

போனை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். பைகளைத் தூக்கும் வண்டி பின்னேரம்தான் வரும் என்பது என் அதிர்ஷ்டம். ஏழு பைகளையும் இழுத்துவந்து பாத்தியில் கொட்டினேன். காற்று உடனே அவற்றைக் கிளப்பியது. அப்போதுதான் எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய பிறகு செய்வது நினைவுக்கு வந்தது. வெட்டிய தேயிலைச் செடி வெயிலில் கருகாமல் இருக்க, வெட்டிய கிளைகளையே அதன் தலையில் பரப்பி வைப்பார்கள். பின்பக்கத்தில் கிடந்த சுள்ளிகளைக் கொண்டுவந்து இலைகளின்மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினேன். கையெல்லாம் கீறல். பாதி முடிந்தபோது இன்னும் இரண்டு கைகள் சுள்ளி அடுக்குவதைக் கண்டேன்.

"வால்டர், எனக்குத் தெரியாது. நான் உதவி என்று நினைத்தேன்" என்றேன்.

"எனக்குத் தெரியும். நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். பிறகு, "இதை எங்கே படித்தாய்?" என்று சுள்ளிகளைக் காட்டிக் கேட்டார். தேயிலையைப் பற்றிச் சொன்னேன். தான் தினமும் குடிக்கும் தேநீர் ஒரு செடியிலிருந்து வருகிறது, அதற்கும் தலையில் போர்வை போடுவார்கள் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டதாகச் சொன்னார். அன்று என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்தார். தன் மனைவியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பாதிதான் எனக்கு விளங்கியது. இப்போதெல்லாம் விளங்காததை விளங்கியது போலத் தலையாட்டுவதில்லை, நிறுத்திக் கேட்கிறேன். அவரும் அலுக்காமல் சொல்கிறார்.

வசந்தத்தில் மஞ்சளும் சிவப்புமாகத் துலிப் பூக்கள் வந்தன. எல்லாம் வந்தனவா, சில போய்விட்டனவா என்று அவரிடம் கேட்கப் பயந்தேன். அவராகவே கதவைத் தட்டி, "ஷெல்லி, எண்ணிவிட்டேன், ஒன்றும் குறையவில்லை" என்றார். அது உண்மையா, என் மனம் ஆறச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டில் எதுவானாலும் அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

இந்த ஒக்டோபரில் மலர் புது வீட்டுக்குக் குடிபோனாள். லயத்துக்குச் சற்றுத் தள்ளி, சொந்தமாக ஒரு துண்டு நிலத்தில் தனி வீடு. சரியாக இலை கொட்டும் மாதத்தில் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று, கணவரும் லொறி ஓட்டத்தில். வால்டர் என் சாவியை வாங்கிக்கொண்டார். "போய் வா, முற்றத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பால் காய்ச்சிய மறுநாள் காலை மழை விட்டிருந்தது. அப்பா புது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மலர் எங்கே ரோஜா நட வேண்டும் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். வால்டரிடமிருந்து எனக்குப் போனில் படம் ஒன்று வந்தது. துடைத்து வைத்த எங்கள் முற்றம், கழுவிய வாசற்படி. விமான நிலையத்துக்கு ஓடிய அவசரத்தில் நான் வெளியே உதறிவிட்டு வந்த றப்பர் செருப்பை எடுத்து, கதவைப் பார்த்தபடி ஜோடியாக வைத்திருந்தார்.

மலர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "யாரு வீட்டு வாசல்க்கா இது?"

"நம்ம வீடுதான்டி" என்றேன்.

அவள் படத்தையும் தன் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். கனடா வீட்டை 'நம்ம வீடு' என்றுவிட்டேனே என்று நான் குனிந்து பார்த்தேன். என் காலில் கிடந்தது அவளுடைய செருப்பு. ஒரு விரற்கடை சிறியது. குதிகால் வெளியே நீண்டு, ஈர மண்ணில் பதிந்திருந்தது.