பின் வடம்

அட்டன் டவுன் பேங்கின் கண்ணாடிக் கதவை நேற்றும் இழுத்துக்கொண்டு நின்றேன். 'தள்ளவும்' என்று தமிழில்தான் எழுதியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், வாசிக்கத் தெரியாமல் இல்லை. பின்னால் நாலு பேர் நின்றால் கூச்சத்தில் எனக்குக் கை மறந்துவிடும். பேத்தி வந்து ஒரு விரலால் தள்ளினாள்.

"விசைன்னா தள்ளுறது, இல்லாட்டி இழுக்கிறது. அவ்வளவுதான் அப்பாயி."

விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறதாம். எனக்கு மூன்றாவதாக ஒன்று தெரியும். நனைந்த தென்னந்தும்புக் கயிற்று வாசனை வந்தால் அது நினைவுக்கு வரும்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மேட்டில் இருந்தது. தேர் கிளம்பினால் தேயிலை அரைக்கிற ஸ்டோர் வரைக்கும் இறக்கம். அதனால் இரண்டு வடம். முன் வடம் ஆண்களுக்கு. பின் வடம், தேர் உருண்டு ஓடாமல் பிடித்துக்கொள்ள, கொழுந்து பறிக்கிற எங்களுக்கு. இறக்கத்தில் முன்னால் போகிறவர்களுக்குத் தலைப்பாகையோடு நடப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. முன் வடத்துக்கு இன்னும் வரவில்லை.

அந்த வருடம் எனக்குப் பதினாறு வயது. அம்மை போட்டுப் பிழைத்திருந்தேன். பிழைத்தால் மகள் முன் வடம் இழுப்பாள் என்று அம்மா நேர்ந்துவிட்டாள். நேர்ந்ததைச் செய்யாவிட்டால் ஆத்தா திரும்ப வருவாளோ என்று இருவருக்கும் பயம். எனக்காகக் கேட்டது செல்லம்மா அக்கா. பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவள், வாய்க்காரி.

பெரிய கங்காணி சிரித்தார். "பின் வடமும் வடந்தானே புள்ள? ஆத்தாளுக்கு முன்ன என்னா, பின்ன என்னா?"

"அப்ப நீங்க பின்னால வாங்களேன்யா."

அவருக்குக் காது கேட்கவில்லை.

பாதி இறக்கத்தில் மழை தூறியது. பின் வடம் திடீரென்று ஒரு சாண் நழுவியது. ஒரு சாண்தான். தேர் முன்னால் பாய்ந்தது. முன் வடத்தைப் போட்டுவிட்டு ஆண்கள் ஓடினார்கள். கங்காணியின் தலைப்பாகை தேயிலைச் செடியில் தொங்கியது.

"புடிங்கடி!" என்றார் முதலில். அடுத்து, "புடிங்கம்மா!" கடைசியில், "தாயே, புடிங்க தாயே!" வேகம் கூடக்கூட மரியாதையும் கூடியது. இது பேத்தியின் புத்தகத்தில் இருக்கிறதா தெரியவில்லை.

செல்லம்மா அக்கா குதிகாலை ஊன்றிக்கொண்டே கேட்டாள். "முன்னால வரட்டுங்களாய்யா? இல்ல, விடட்டுங்களா?"

"வாங்க! எல்லாரும் வாங்க!"

குதிகால் சேற்றில் புதையப் பிடித்து நிறுத்தினோம். ஸ்டோரடியில் நான் முன் வடத்தைத் தொட்டேன். அம்மா அழுதாள். அங்கிருந்து நாங்கள் குடியிருந்த லயம் வரைக்கும் ஒரே ஏற்றம். நாங்கள் உள்ளங்கைத் தோல் உரிய இழுத்தோம். கங்காணியும் ஆட்களும் தொய்ந்த பின் வடத்தைப் பிடித்துக்கொண்டு, வெற்றிலை மென்றபடி வந்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது: இறக்கத்தில் அவர்கள் முன்னால், ஏற்றத்தில் நாங்கள்.

கயிற்றை நழுவவிட்டது யார் என்று ஊரே விசாரித்தது. செல்லம்மா அக்காவைத்தான் சொன்னார்கள். அவளும் சாகும்வரை மறுக்கவில்லை, பெருமையாக இருந்ததோ என்னவோ. கூச்சக்காரி என்று என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இப்போது ஆத்தா டிராக்டரில் வருகிறாள். ரப்பர் சக்கரம், பிரேக்கும் இருக்கிறது. வடம் இரண்டும் இல்லை. எல்லாரும் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடக்கிறார்கள். "விடட்டுங்களா?" என்று பின்னாலிருந்து கேட்க இனி ஒருத்திக்கும் வழியில்லை.