கடலில்லாத ஊர்க்காரி

இந்த ஊரில் வணக்கம் சொல்வதற்கு முன்பே கடலைப் பற்றிப் பேசிவிடுகிறார்கள். ரொட்டிக் கடைக்காரர்கூட, "வெளியே அலை ஏறுகிறது" என்றுதான் பொட்டலத்தை நீட்டுவார். நார்வேயின் மேற்குக் கரைக்கு நான் வந்த புதிதில், கூட வேலை செய்யும் இங்ரிட், "உங்கள் ஊர்க் கடல் எப்படி?" என்று கேட்டாள். "எங்கள் ஊரில் கடல் இல்லை" என்றேன். "ஐயோ, வற்றிவிட்டதா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கள்ளக்குறிச்சிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலைதான் தெரியும் என்று விளக்க அன்று எனக்கு அவர்கள் மொழி போதவில்லை.

இங்கே ஒவ்வொரு துறைமுகமும் தன் பங்குக் கடலைத் தானே அளந்து, தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தது. கடலில் மிதக்கவிட்ட அளவுக் கருவிகளான எல்லா மிதவைகளும் அனுப்பும் அலை உயரமும் காற்றும் நீரின் வெப்பமும் ஒரே திரையில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அந்த அமைப்பைக் கட்டுவதுதான் எங்கள் வேலை. துறைமுகக்காரர்களைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, போன மாதம் சோதனை ஓட்டத்துக்கு வந்தோம். அதில் தோற்றால் அவரவர் பிரிந்துபோவார்கள்.

நான் இந்தப் படிப்புக்கு வந்ததே ஒரு மறியலைத் தாண்டித்தான். இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்த சமயம். சென்னையில் எனக்குக் கடல் பொறியியல் நேர்முகத் தேர்வு. பஸ் கிடையாது. நைனார்பாளையத்திலிருந்து அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துச் சின்னசேலம் ஸ்டேஷனுக்கு மிதித்தார். வழியில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மறித்து உட்கார்ந்திருந்தவர்களில் என் அண்ணன் சேகரும் இருந்தான்.

"யாரும் போவக் கூடாதுங்க," என்றார் ஒருவர்.

"எந் தங்கச்சிண்ணா. படிக்கப் போவுது," என்று அண்ணன் எழுந்தான். "நாம இன்னாத்துக்கு ரோட்ல குந்திக்கினு இருக்கோம்? ஒரு சீட்டுக்குத்தான? அதுக்குத்தான் இதுவும் போவுது."

பிறகு நாலைந்து பேர் சேர்ந்து சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். "நின்னுக்கினு இருக்காத, ரயில் பூடும்!" என்று அண்ணன் கத்தினான். ரயில் கிடைத்தது. கல்லூரியில் சீட்டும் கிடைத்தது.

சோதனை நாளில் காலையிலிருந்தே வானம் கறுத்திருந்தது. ஆழ்கடல் மிதவையின் அலை உயரக் கோடு திடீரென்று திரையில் எகிறியது. அடுத்த துறைமுகத்தில் அமைதியான நீர். பயணிகள் படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. அந்தத் துறைமுகத்தாரும் தங்கள் திரையில் அதே கோட்டைப் பார்த்தார்கள். படகை நிறுத்தினார்கள். சற்று நேரத்தில் படகு போகவிருந்த பாதை முழுக்க வெள்ளை நுரையாகக் கொந்தளித்தது. நான் நாற்காலியிலிருந்து குதித்தேவிட்டேன். இங்ரிட் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் எங்களை அழைத்து, "தொடருங்கள்" என்றார்கள்.

அந்தக் கூத்துக்கு நடுவே அம்மாவின் போன்.

"இன்னாடி, ஒரே சத்தம்?"

"ஜெயிச்சிட்டோம்மா!"

"நல்லா இரு. எப்ப வூட்டுக்கு வருவ?"

"பொங்கலுக்கு வூட்டுக்கு வந்துடுவேம்மா."

போனை வைத்து, என் அறைக்குப் போகக் குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டேன். எங்கே கிளம்பிவிட்டாய் என்று இங்ரிட் கேட்டாள். யோசிக்காமல் அவர்கள் மொழியில் வாயில் வந்தது: "யெம்." வீட்டுக்கு.