ஓ போட்டால் ஆம்பிளை, ஆ போட்டால் பொம்பிளை

ஒருவர் வாயால் வந்ததை இன்னொரு மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சம்பளம் வாங்குவதுதான் ரொறொன்ரோவில் நான் செய்த தொழில். அதைப்பற்றி இங்கே எழுதப்போகும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நல்லூர்க் கந்தன் மேல் சத்தியம். அது தூரம் என்று நினைப்பவர்களுக்கு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் மேலும் ஒன்று. என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். "உவர்தானே நயாகரா உறைஞ்சு கிடக்கேக்க அதுக்கு மேலால நடந்து அமெரிக்காவுக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்தவர்" என்பார்கள். அந்தக் கதையில் கொஞ்சம் கூட்டல் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இதில் இல்லை.

வந்த நாட்டில் விண்ணப்ப ஃபோம் நிரப்பி விரல் மரத்துப்போனவர்களே, பத்துப் பெட்டி போட்ட இடத்தில் இருபத்திரண்டு எழுத்துப் பெயரை அடைக்கப் பார்த்து வேர்த்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சென்ற் கிளெயர் தெருவில், பாண் சுடுகிற ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரு லோயர் இருந்தார். வெள்ளைக்காரர், நல்ல மனுசர், வருசம் முழுக்க மூக்கடைப்பு. அகதிக் கேஸ்கள்தான் அவருக்குத் தொழில். வருகிறவர்களில் பாதிப்பேர் நம்மவர், மற்றப் பாதி ஸ்பானிஷ்காரர். நம்மவரின் கதையை ஆங்கிலத்தில் எழுத நான் இருந்தேன். அவர்களின் கதையை எழுத எல் சல்வடோரில் இருந்து வந்த மரிசோல் என்ற பெண் இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மேசை. எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். அவள் சொன்னதையெல்லாம் யாழ்ப்பாணத் தமிழாக்கித் தருகிறேன். இதற்கு எனக்கு ஒருவரும் சம்பளம் தரவில்லை.

எழுத்துப் பிழை

மரிசோல் பின்னேரங்களில் ஏதோ ஒரு படிப்புக்குச் சேர்ந்தாள். சேர்கிற ஃபோமில் எந்த இனம் என்று கேட்டிருந்தார்கள். இவள் 'லத்தினா' என்று எழுதிக் கொடுத்தாள். கவுண்டரில் இருந்தவர் அன்பாகச் சிரித்துவிட்டு, கடைசி எழுத்தை வெட்டி 'லத்தினோ' என்று திருத்தி, பக்கத்துப் பெட்டியில் 'பெண்' என்று ஒரு புள்ளடியும் போட்டுக் கொடுத்தார். எழுத்துப் பிழை விட்டுவிட்டாள், பாவம், என்று நினைத்திருப்பார்.

அடுத்த நாள் காலை மரிசோல் அந்த ஃபோமின் கொப்பியை மேசையில் அடித்து வைத்துக்கொண்டு எனக்கு வகுப்பு எடுத்தாள். ஸ்பானிஷில் ஓவில் முடிந்தால் ஆண், ஆவில் முடிந்தால் பெண். லத்தினோ ஆம்பிளை, லத்தினா பொம்பிளை. ஆங்கிலக்காரர் இந்தச் சொல்லை இரவல் வாங்கியபோது ஓவை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, ஆவைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம். சொல்லி முடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்: "ஒரு பெட்டியில என்னை ஆம்பிளையாக்கி, அடுத்த பெட்டியில திரும்பப் பொம்பிளையாக்கி விட்டவர். ரெண்டு பெட்டிக்கும் நடுவில நான் என்னவா இருந்தன் எண்டு கேக்க மறந்துபோனன்!"

சாவகச்சேரிப் பிள்ளை

"அப்ப நீங்கள் என்ன, தமிழோவோ?" என்று கேட்டாள். இல்லை, நான் தமிழன், பெண் என்றால் தமிழச்சி என்றேன். வெள்ளைக்காரன், வெள்ளைக்காரி, கடைக்காரன், கடைக்காரி என்று சொல்லச் சொல்ல அவளே பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு 'அன்' தான் ஓ, 'இ' தான் ஆ!" என்று கை தட்டினாள். எனக்குச் சும்மா இருக்க முடியாதே. தமிழில் பனிக்குக்கூட ஆண்பால் பெண்பால் உண்டு, மெல்லிய பனி பெண், முழங்கால் அளவு கொட்டினால் ஆண் என்று ஒரு புளுகு அவிழ்த்து விட்டேன். அதைத் தன் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அதோடு விட்டேனா? வாசலில் நம்மவர் யார் வந்தாலும் "நான் தமிழச்சி, இருங்கோ" என்று சொல்லப் பழக்கிவிட்டேன். ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். மரிசோல் தன் வசனத்தை அழகாகச் சொல்லிக் கதிரையைக் காட்டினாள். மனுசன் இருந்து, அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் காதுக்குள், "தம்பி, உந்தப் பிள்ளை எந்த ஊர்?" என்றார். சாவகச்சேரி என்றேன், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல். பெரியவர் பெரிதாகத் தலையாட்டினார்: "அதுதானே பாத்தன், சிரிப்பிலயே தெரியுது. தகப்பனை எனக்குத் தெரியும்."

சுவரில் இருந்த நோட்டீஸ்

ஏதோ ஒரு கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நம்மவர் யாரோ கொண்டுவந்து சுவரில் ஒட்டிய நோட்டீஸ் அது. பெரிய எழுத்தில் 'தமிழா! திரண்டு வா!' என்று இருந்தது. என்ன எழுதியிருக்கிறது, வாசித்துக் காட்டுங்கோ என்றாள் மரிசோல். வாசித்தேன். 'தமிழா' என்றதும் அவளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. தமிழ்-ஆ! உங்கள் ஆட்கள் பெண்களையல்லவா முதலில் கூப்பிடுகிறார்கள், எங்கள் ஆட்களுக்கு இந்தப் புத்தி வராதே என்றாள். அவர்களிடம் பன்னிரண்டு பெண்கள் கூடியிருந்தால் லத்தினாக்களாம். ஹீட்டர் திருத்த ஒரு ஆண் உள்ளே வந்துவிட்டால் அந்த நிமிசமே எல்லாரும் லத்தினோக்களாம். அவன் திருத்திவிட்டுப் போகும் மட்டும் அப்படித்தானாம்.

எனக்கு அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க மனமில்லை. ஆனாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறது. தமிழா என்றால் தமிழனைக் கூப்பிடுகிறது, அதுவும் ஆம்பிளைதான் என்று விளங்கப்படுத்தினேன். அவள் நோட்டீஸுக்கு நேரே கையை நீட்டினாள். "ஆ போட்டும் ஆம்பிளையைத்தான் கூப்பிடுறியளோ? அப்ப பொம்பிளையளுக்கு ஆர் நோட்டீஸ் அடிக்கிறது?"

மூன்று இடத்தில்

இந்தப் பகிடியெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் சிவமலர் வந்தாள். மட்டக்களப்புப் பக்கம். புருசன் இல்லை. ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்றைத் தமக்கையோடு விட்டுவிட்டுத் தனியே வந்தவள். கேஸ் சரிவந்தால் பிள்ளையைக் கூப்பிடலாம், சரிவராவிட்டால் முடியாது. அவளுக்கு வேறு கவலை கிடையாது. ஃபோமில் ஒவ்வொரு கேள்விக்கும் முதல், "இது பிள்ளையைக் கூப்பிடுறதுக்கு உதவுமா அண்ணை?" என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

ஏன் வந்தாய் என்ற கேள்விக்கு அவள் சொன்னது இவ்வளவுதான்: "அங்க தமிழன் இரிக்கேலா அண்ணை. தமிழனெண்டாப் பிடிச்சிட்டுப் போறாங்க. பிடிச்ச தமிழன் திரும்பி வாறல்ல." தமிழன் என்று மூன்று தரம். மரிசோலிடம் படித்த படிப்பு என் தலைக்குள் நின்று ஆடியது. ஆங்கிலத்தில் வெறும் தமிழர் என்று எழுதினால் ஆணா பெண்ணா என்று தெரியாது. நானோ சொல்லுக்குச் சொல் சுத்தமாக எழுதுகிறவன். மூன்று இடத்திலும் 'தமிழ் ஆண்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். லோயர் வாசித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆண்கள் மட்டுமோ?" என்று கேட்டார். "அந்தச் சொல் ஆண்பால், சேர்" என்றேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

கையெழுத்துக்கு முன் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், அது சட்டம். காட்டினேன். 'தமிழ் ஆண்கள்' வந்த மூன்று இடத்திலும் என் வாய் தன்பாட்டில் அவளுடைய சொல்லையே, 'தமிழன்' என்றே, சொல்லிவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு பேனையை வாங்கி, "நான் சொன்னது அப்படியே இரிக்கி அண்ணை, ஒண்டும் மாறல்ல" என்றாள்.

விசாரணை

விசாரணைக்கு நான் பின்வரிசையில் இருந்தேன். அங்கே மொழிபெயர்க்க அவர்களுடைய ஆள் ஒருவர் வேறாக இருந்தார். விசாரித்தவர் குரல் உயர்த்தாதவர். ஃபோமைப் பார்த்து, "ஆண்களைத்தான் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பெண். உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டார். சிவமலர் ஒன்றும் விளங்காமல், "நானும் தமிழன்தானே ஐயா" என்றாள். மொழிபெயர்த்தவர், தானும் ஒரு தமிழர்தான் என்கிறா, என்று சரியாகச் சொன்னார். அவர் என்னைவிட நல்ல மொழிபெயர்ப்பாளர். அதுதான் பிழையாய்ப் போனது. விசாரித்தவர் பேனையால் ஃபோமைத் தட்டி, எழுதும்போது ஆண்கள் என்றீர்கள், கேட்டதும் எல்லாரும் என்கிறீர்கள், இதில் எது உண்மை என்றார்.

லோயர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எழும்பி ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினேன். அன்றைக்கு நான் போட்டிருந்தது ஸிப் வைத்த, கயிறே இல்லாத பூட்ஸ். தலைக்கு மேலே சிவமலரின் குரல் கேட்டது: "ஆம்பிளை எண்ட சொல்லே என்ட வாயால வரல்லயே ஐயா, நான் ரெண்டு தரமும் ஒண்டைத்தானே சொன்னன்?"

ஒரு கடிதம்

கேஸ் தள்ளுபடி. சொல்கிற கதை மாறிக்கொண்டே இருக்கிறது, நம்ப முடியாது என்று தாளில் வந்தது. லோயர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஃபோமில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்தது என்று நான் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தால் மேலே கேட்டுப் பார்க்கலாம் என்றார். அந்த ஃபோமின் அடியில், சரியாக மொழிபெயர்த்தேன் என்று என் கையெழுத்து இருந்தது. இந்த வேலை போனால் ஐம்பத்தைந்து வயதில் எந்தத் தொழிற்சாலையில் போய் நிற்பது என்று கணக்குப் போட்டேன். "அவ சொன்னதைத்தான் எழுதினன், சேர்" என்றேன்.

வெளியே சிவமலர் இருந்தாள். நான் எங்கே பிழையாய்ச் சொன்னேன் அண்ணை என்று கேட்டாள். "நீ ஒண்டும் பிழை சொல்லேல்லப் பிள்ளை. அவங்களுக்கு விளங்கேல்ல" என்றேன். பொய் இல்லை, உண்மையும் இல்லை. நான் வாழ்நாள் முழுக்கச் சொன்ன கதைகளில் ஆகச் சின்னது அது. அவள் படியிறங்கிப் போனபிறகு மரிசோல் ஃபோமின் கொப்பியை எடுத்து வாசித்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலமும் என்னையும் தெரியும். மூன்று இடத்திலும் விரலை வைத்தாள். தன் ஆட்களுக்கு எழுதும்போது அவள் எப்போதும் ஓவுக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு ஆவையும் எழுதுவாள். ஏன் இந்த வீண் வேலை என்று நான் நக்கலடித்திருக்கிறேன். அன்றைக்கு அவள் பகிடி விடவில்லை. "உங்கட பாஷையில பனிக்கும் ஆண் பெண் இருக்கு எண்டனீங்கள். இவவுக்கு மட்டும் இடமில்லாமப் போச்சோ?"

பஸ் தரிப்பில்

சிவமலர் வேறு லோயரிடம் போய், வேறு வழியால், இரக்கம் பார்த்துக் கொடுக்கிற விண்ணப்பம் ஒன்று போட்டு, இழுத்து இழுத்து, கடைசியில் இருக்க விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் ஏழு வருசம். தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம், ஸ்காபரோவில் ஒரு பஸ் தரிப்பில் அவளைக் கண்டேன். ஒஷாவாவில் வேலை, அங்கேயே வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னாள். பக்கத்தில் தாயின் தோளுக்கு மேலே வளர்ந்த ஒரு பெண்பிள்ளை, புதுக் குளிர்ச்சட்டை, விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. வந்து மூன்று கிழமை.

இந்தமுறை சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பிள்ளை பஸ் வருவதைக் கண்டு, "சின்னம்மா, பஸ்" என்று அவளின் கையைப் பிடித்து இழுத்தாள். நான் சிவமலரைப் பார்த்தேன். அவள் சிரிக்கப் பார்த்தாள். "அக்காட பிள்ளையளோட வளந்தவள்தானே அண்ணை. அதுகள் என்னைக் கூப்பிடுறமாதிரிதான் இவளும் கூப்பிடுறாள். அம்மா எண்டா அவளுக்கு அக்காதான்."

மற்றவர் பேச்சை மொழிபெயர்த்தே வயிறு வளர்த்த எனக்கு, பிழை என்னுடையது என்ற ஒரு வசனத்தை மட்டும் தாய்மொழியில்கூடச் சொல்ல வரவில்லை என்பதால், ஒஷாவாப் பக்கம் போகிறவர்கள் அவளைக் கண்டால் இந்தக் கதையை அவளுக்குச் சொல்லுங்கள், ஆனால் ஆர் சொன்னது என்று மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயுங்கோ.