அருவிப் படிகளில் மச்சாளோடு

நான் மொன்றியல் வந்த முதல் கோடையில், எங்கள் பங்குக் கோவிலிலிருந்து தூய அன்னம்மாள் திருத்தலத்துக்கு ஒரு பேருந்து போனது. அப்போது நானும் கணவரும் கார்ட்டியர்வில்லில் அவருடைய அக்கா வீட்டில் குடியிருந்தோம். நான் மச்சாள் என்று கூப்பிடும் அந்த அக்காவுக்கும் எனக்கும் சண்டை என்று எதுவுமில்லை. அவர் ஏதாவது சொல்வார், நான் "ஓம் மச்சாள்" என்பேன். ஒரே சமையலறையில் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடமாடப் பழகியிருந்தோம், அவ்வளவுதான்.

பூசை முடிந்து திரும்பும் வழியில் மொன்மொரன்சி அருவிப் பூங்காவில் பேருந்து நின்றது. எங்களை மேலே இறக்கிவிட்ட சாரதி, கீழே வாகனத் தரிப்பிடத்தில் காத்திருப்பதாகச் சொன்னார். கீழே இறங்கக் கம்பியில் ஓடும் கூண்டு இருந்தது. எல்லோரும் அதற்கு வரிசையில் நின்றார்கள். மச்சாள் அதை எட்டிப் பார்த்தார்.

"கம்பியில தொங்கிற பெட்டிக்குள்ள நான் ஏறமாட்டன். அங்கால படியிருக்காம். நான் அதால வாறன்."

கணவர் என்னைப் பார்த்து, "நீரும் அக்காவோட போம்," என்றார்.

படிக்குப் போக அருவியின் உச்சியில் இருந்த தொங்குபாலத்தைக் கடக்க வேண்டும். அது மச்சாளுக்குத் தெரிந்திருக்கவில்லை. என் கைப்பையின் வாரைப் பிடித்தபடி, முதல் நற்கருணை வாங்கப் போகிற பிள்ளைபோல நேரே பார்த்துக்கொண்டு நடந்தார். பாலத்துக்குக் கீழே தண்ணீர் மண்ணிறமாய்ப் புரண்டு, விளிம்பில் வெள்ளையாகி விழுந்தது.

மரப்படிகளில் பாதி தூரம் இறங்கியதும் அவருடைய முழங்கால் மறுத்துவிட்டது. படிகளுக்கு நடுவே இருந்த தட்டில் ஒரு நீண்ட மரவாங்கில் உட்கார்ந்தோம். அருவி நேரெதிரே விழுந்தது. சாரல் காற்றோடு வந்து வந்து எங்களை நனைத்தது. அவருடைய பட்டுச்சேலை கறுத்துப்போனது. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

அவர் ஏதோ சொன்னார். இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.

"என்ன மச்சாள்?"

அவர் குரலை உயர்த்தினார். "என்னில உமக்கு என்ன கோவம் எண்டு கேட்டனான்."

மெல்லச் சொல்லி மழுப்பிவிடுகிற வழி அந்த இடத்தில் இல்லை. நானும் கத்தினேன். "கோவமில்லை. நீங்கள் ஒவ்வொரு நாளும் வேலையால வந்த உடன பிரிட்ஜைத் திறந்து பாக்கிறது எனக்குப் பிடிக்கேல்லை. நான் என்ன எடுத்தனான் எண்டு பாக்கிற மாதிரி இருக்கு."

மச்சாள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நீர் ஒண்டும் எடுக்கேல்லையோ எண்டுதான் பாக்கிறனான்," என்று திருப்பிக் கத்தினார். "வச்ச சோறு வச்சபடி கிடக்கும். பிரெஞ்சு வகுப்பால வந்து பாணைத் திண்டு தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் படுக்கிறீர். என்ர கறி வாயில வைக்கேலாமல் கிடக்கோ எண்டு நானெல்லோ யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"உங்கட கறி உறைப்பு மச்சாள். எனக்கு வயித்துக்க எரியுது."

"அதை வாயைத் திறந்து சொன்னால் என்ன?"

அப்போது கீழிருந்து ஏறி வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, நாங்கள் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, தயங்கி நின்று பிரெஞ்சில் "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னார். மச்சாள் மிக மரியாதையாக "போன்ஜூர் மதாம்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மச்சாள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் வழிந்தது சாரலா கண்ணீரா என்று தெரியாமல் சிரித்தார்.

மிச்சப் படிகளை ஒவ்வொன்றாக, என் தோளில் கை வைத்து இறங்கினார். பேருந்துக்குள் எல்லோரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். சொட்டச் சொட்ட ஏறிய எங்களைக் கண்டு கணவர் பதறி எழும்பினார்.

"என்னக்கா, விழுந்திட்டீங்களே?"

"இல்லையடா. நீ பின்னால போய் இரு," என்று சொல்லி மச்சாள் என்னைச் சன்னலோரம் இருத்திவிட்டு, கணவரின் இருக்கையில், என் பக்கத்தில், உட்கார்ந்தார். பிறகு நனைந்த தன் கைப்பையைத் திறந்து, செபமாலை, சீப்பு, மெத்ரோ டிக்கெட்டுகள், திருத்தலத்தில் வாங்கிய புனிதர் படங்கள் எல்லாவற்றையும் எங்கள் இருவர் மடியிலும் பரப்பிக் காயவைத்தார். அவை காய்ந்து முடியும்வரை அசையக் கூடாது என்று எனக்குக் கட்டளை. பாதி வழியில் வரும் துருவா-ரிவியேர் நகரைத் தாண்டும்வரை நான் அசையவில்லை.