நார்மன் டாப்ஸ்காட்டும் இரண்டரை அங்குலப் பூவும்

நார்மன் டாப்ஸ்காட்டை முதன்முதலில் பார்த்தபோது அவர் செத்துக் கிடக்கிறார் என்று நினைத்தேன். ஜனவரி மாதம், காலை எட்டரை மணி, புல்லெல்லாம் உறைபனி. மனிதர் தன் தோட்டத்தில் குப்புறக் கிடந்தார். முப்பது வருடம் முதியோர் பராமரிப்பில் வேலை பார்த்தவளுக்கு அடுத்து என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்டியிட்டு, கழுத்தில் விரல் வைத்து நாடி பார்த்தேன்.

"கையை எடுங்க. நிழல் விழுது," என்றது பிணம்.

பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடி ஒன்றைப் பூவுக்கு அடியில் பிடித்து, உள்ளே எத்தனை பச்சைப் புள்ளிகள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். இடுப்பு மூட்டு தேய்ந்தவர். கீழே படுக்க அவரால் முடியும், எழுந்திருக்கத்தான் முடியாது. இந்தச் சிறு குறைக்காகத்தான் என்னைத் தினமும் காலையில் அவரிடம் அனுப்பினார்கள்.

முப்பத்தாறு வருடம் பஸ் கம்பெனியில் நேர அட்டவணை தயாரித்தவர். பஸ் பத்து நிமிடம் தாமதமென்றால், பயணிகள் பத்து நிமிடம் முன்னால் வந்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி. ஓய்வு பெற்றதும் ஸ்னோடிராப் செடிகளைப் பிடித்துக்கொண்டார். இங்கிலாந்தில் எங்கள் குளோஸ்டர்ஷயர் பக்கம் எந்தக் கல்லறைத் தோட்டத்திலும் இலவசமாகப் பூத்துக் கிடக்கும் அந்த வெள்ளைப் பூதான். ஆனால் இலவசமாகக் கிடைப்பது அவருக்கு ஆகாது. குட்டை இனம்தான் வேண்டும். சட்டைப்பையில் எப்போதும் ஓர் அடிக்கோல் இருக்கும். மூன்று அங்குலத்தைத் தாண்டிய செடி அன்றே வேலிக்கு வெளியே போய்விடும். ஊரார் பிள்ளை குடித்துக் கெட்டதைச் சொல்வது போல, "அது வளந்துடுச்சு" என்பார். அவர் மனைவி ஐந்தடி பத்து அங்குலம். அந்த அம்மாள் ஏன் அவரை விட்டுப் போனார் என்று நான் கேட்டதில்லை.

ஸ்னோடிராப் சேகரிக்கும் இந்தக் கூட்டத்தாருக்குள் ஒரு வழக்கம் உண்டு. அபூர்வமான செடி கையில் இருந்தால் அதன் கிழங்கு ஒன்றை நண்பருக்குக் கொடுத்துவைப்பார்கள். நம்முடையது அழுகிப் போனால் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எதிர்வீட்டு ஹில்டா வாக்ஸ்டாஃப் அப்படிக் கொடுத்தும் வாங்கியுமே ஐந்நூறு வகை சேர்த்திருந்தார். நார்மன் ஒன்றும் கொடுக்கமாட்டார். அவருடைய காப்பீடு வேறு மாதிரி. திருடனை ஏமாற்ற, பெயர்ச்சீட்டுகளை இடம் மாற்றி நட்டு வைப்பார்.

"எது எங்க இருக்குன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதினா திருடிடுவாங்க. எல்லாம் இங்க இருக்கு," என்று நெற்றியைத் தட்டினார். மூக்குக் கண்ணாடி அங்கே இருந்ததைக் காலை முழுவதும் மறந்து தேடியவர்.

அவருடைய பொக்கிஷம், விதையிலிருந்து தானே எட்டு வருடம் வளர்த்த ஒரு செடி. இரண்டரை அங்குலம், உள்ளிதழில் இரண்டு பச்சைப் புள்ளிகள். பிப்ரவரி மூன்றாம் சனிக்கிழமை ஊர் மன்றத்தில் நடக்கும் கூட்டத்தில் அதைக் காட்டி, 'நார்மன் டாப்ஸ்காட்' என்று பெயரைப் பதிந்துவிட வேண்டும். பிள்ளை குட்டி இல்லாத மனிதருக்கு வேறு எதிலும் அந்தப் பெயர் தங்கப்போவதில்லை. அதை அவரே சொன்னார், மாத்திரை விழுங்கும் நேரத்தில், தண்ணீர் கேட்கும் குரலில்.

கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருந்த இரண்டு கல்தொட்டிகளில், பொக்கிஷம் இருப்பதாக அவர் நம்பியிருந்த வலது தொட்டி பூத்தது. வந்தது வேறு ஒரு சாதாரணக் குட்டைப் பூ. இடது தொட்டி போன கோடையிலிருந்தே காலி.

"திருட்டு! போலீஸைக் கூப்பிடுங்க பெரில்!"

"முதல்ல கஞ்சியைக் குடிங்க. இடது தொட்டியில இருந்தது எங்க?"

அது ஹில்டாவிடம் போயிருந்தது. ஜூலை மாதம், இலையெல்லாம் காய்ந்து கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருக்கும் சமயத்தில், ஹில்டா நாலு பேர் முன்னால் ஒரு கிழங்கு கேட்டிருக்கிறார். இடது தொட்டியில் பொக்கிஷத்தின் சீட்டு இருந்தது. தான் மாற்றி வைத்த சீட்டு, எனவே அடியில் இருப்பது குப்பை என்று இவர் கணக்குப் போட்டார். ஏழு கிழங்கையும் சீட்டோடு தோண்டி, வள்ளலைப் போல நீட்டிவிட்டார்.

"சீட்டை எத்தனை தடவை மாத்தினீங்க?"

"ஒரு தடவை. அதுக்கு முந்தின வருஷம் இலையுதிர் காலத்துல." கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்புறம் போன மே மாசம், பக்கத்து ஊர்ல களவு போச்சுன்னு கேட்டதும்..."

இரண்டு தடவை மாற்றினால் பழைய இடத்துக்கே வந்துவிடும் என்பது பஸ் அட்டவணை போட்டவருக்குத் தெரியவில்லை. சீட்டு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. எழுதியவர்தான் நம்பவில்லை.

"தெருவைத் தாண்டிப் போய் ஒண்ணு கேளுங்க," என்றேன்.

"அவகிட்டயா? அதுக்கு நான் செத்துப்போவேன்."

"அதுக்கான ஏற்பாடும் எனக்குப் பழக்கம்தான்."

கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹில்டா சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து, கைத்தடியும் ஒரு தேக்கரண்டியுமாகத் தெருவைக் கடந்திருக்கிறார். செடியைக் கண்டுபிடித்தார். படுத்தார். மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

ஹில்டா எனக்குப் போன் செய்தார். "பெரில், உங்க ஆள் என் பூப்பாத்தியில கிடக்கார். வந்து எடுத்துட்டுப் போங்க."

நான் போனபோது, நார்மனின் மூக்குக்கு நேராக அந்தப் பூ ஆடிக்கொண்டிருந்தது. ஹில்டா தொப்பியைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் பிப்ரவரியில் அடுத்தவர் தோட்டத்தில் ஒருவர் குப்புறக் கிடந்தால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள்.

"பாத்துட்டு இருந்தேன்," என்றார் நார்மன், மண்ணைப் பார்த்தபடி.

"பாருங்க, தாராளமா பாருங்க. ஸ்பூன் எதுக்கு?"

"...டீ குடிக்கலாம்னு."

"எங்க வீட்ல ஸ்பூன் இருக்கு நார்மன். ஜூலையில நீங்க குடுத்தப்ப உங்க மூஞ்சியைப் பாத்தேன். நல்ல பொருளைக் குடுக்கற மூஞ்சியா அது? ஏதோ வெங்காயம்னுதான் நட்டு வெச்சேன். பூத்தப்புறம்தான் தெரிஞ்சுது, ஏமாந்தது யாருன்னு."

நான் அவர் அக்குளில் கை கொடுத்தேன். தூக்கவில்லை. "இடுப்பைப் பாத்துத்தான் தூக்கணும், கொஞ்சம் நேரமாகும்," என்றேன். "அதுவரைக்கும் ஏதாவது கேக்கணும்னா கேளுங்க."

ஈரம் கால்சட்டையில் ஏறும் அளவுக்குக் கிடந்தார்.

"ஹில்டா. ஒண்ணு குடுப்பீங்களா?"

"அவ்வளவுதானே?" என்று ஹில்டா அந்தத் தேக்கரண்டியாலேயே ஒன்றைத் தோண்டி, சிறு பூந்தொட்டியில் வைத்துக் கொடுத்தார். மூன்றை ஏற்கெனவே நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டாராம்.

சனிக்கிழமை பெயர் பதிவானது. எல்லாரும் வரிசையாகக் குனிந்து பார்த்தார்கள். நார்மன் இரண்டரை அங்குலம் உயர்ந்து நின்றார். அப்போது ஹில்டா மன்றமே கேட்கும்படி சொன்னார்: "கூச்சப்படாம கேளுங்க. எனக்கு மொத்தக் கொத்தையும் தூக்கிக் குடுத்த மனுஷன்!" டீ ஆறுவதற்குள் பதினொரு பேர் கிழங்கு கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டார்கள். அவர் பேனாவைத் தொடாததால் நான்தான் எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஒற்றைக் கிழங்கை இடது தொட்டியில் நடச் சொன்னார்.

"பெரில், சீட்டை மாத்தி வெக்கணும். 'பூண்டு'ன்னு எழுதுங்க."

"எதுக்கு? இனிமே இது ஊர் முழுக்க இருக்கும். யார் திருடப் போறா?"

"எழுதுங்க."

எழுதி நட்டேன். போகிற வழியில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி ஹில்டாவிடம், 'பூண்டு' சீட்டுக்கு அடியில் இருப்பது என்னவென்று சொல்லி வைத்தேன். ஒருவருக்காவது நினைவிருக்க வேண்டுமே.