டேப் சுற்றிய கால்

கருங்கல் பலகை இறக்கும் கிடங்கில் வேலை பார்க்கிறவனைக் கட்டிக்கொண்டால் வேறென்ன கிடைக்கும், காலுறை நாற்றம்தான். சீருடை தைக்கும் கடையில் காஜா எடுக்கிற அவள், மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் புருஷனின் காலுறையை அலசுவாள். "மகாராணி மூக்கைப் பாரு" என்பான் அவன். வலி, காய்ச்சல் என்று ஒருநாளும் படுத்தவனில்லை. கிடங்கில் அவனுக்குத் தூண் என்று பெயர்.

அங்கே ஒரு கேடுகெட்ட பழக்கம். காலில் கல் விழுந்தால் பூட்ஸைக் கழற்ற மாட்டார்கள். கழற்றினால் வீங்கிவிடுமாம், மறுபடி மாட்ட முடியாதாம். கயிற்றை இறுக்கி, மேலே பேக்கிங் டேப்பைச் சுற்றிவிடுவார்கள். அன்று பலகை சரிந்து அவன் பாதத்தில் விழுந்தபோது அப்படிச் சுற்றியவர், கூடவே வேலை பார்க்கும் அவன் அண்ணன். வேலை முடியும்வரை நின்றுவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வீடு வந்தான்.

டேப்பைக் கத்தரித்துப் பூட்ஸை உருவியதும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஊறிப்போன வியர்வை நாற்றம் ஒரு பக்கம். கால் அதைவிட மோசம். பஞ்சு திணித்துத் தைத்த மாதிரி கெட்டியாகப் பளபளத்தது. மேலே கருநீலக் கொப்புளங்கள். விழுங்கிய மாத்திரைக்கு வலி மசியவில்லை, ஏறிக்கொண்டே போனது. அண்ணன் காலைத் தலையணைகள்மேல் உயரத் தூக்கி வைத்து, இறுக்கி இன்னொரு கட்டுப் போடலாம் என்றார். நாடி துடிக்கிறது, பிறகென்ன பயம் என்று கேட்டார்.

துணியோடு வந்தவரை விலக்கிவிட்டு, முகத்தைச் சுளித்தபடி அவள் பெருவிரலை லேசாக மேலே வளைத்தாள். தூண் வலியில் சுவரில் தலையை முட்டிக்கொண்டது. மற்ற விரல்களைத் தொட்டால் உறைக்கவே இல்லை என்றான்.

"உங்க கிடங்கு வைத்தியம் போதும் மாமா. வண்டியக் கூப்பிடுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் அண்ணன் காலுக்கடியில் வைத்திருந்த தலையணையை எடுத்தெறிந்தார். காலைத் தூக்கினால் போகிற ரத்தமும் குறையும், நெஞ்சு மட்டத்திலேயே இருக்கட்டும் என்றார். பாதத்துத் தசைகள் சின்னச் சின்ன உறைகளுக்குள் இருக்கின்றன, உறை விரியாது, உள்ளே வீக்கம் நெருக்கினால் தசை செத்துவிடும், நாடி துடிப்பதை நம்பக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஊசியைச் செருகி அழுத்தம் பார்த்தார்.

"இப்பவே கீறித் திறக்கணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னா, கால் இருக்கும், உதவாது."

அண்ணன் ஏதோ இழுத்தார். தம்பி அவர் பக்கம் திரும்பாமலே, டாக்டரம்மாவிடம் சரியென்று தலையாட்டினான்.

ஆபரேஷனுக்குப் பிறகு கட்டுப் பிரித்த அன்று அவளும் நின்றாள். வீக்கம் வடியட்டும் என்று வேண்டுமென்றே மூடாமல் விட்டிருந்த புண், இறைச்சிக்கடையில் தொங்குகிற துண்டு மாதிரி இருந்தது. ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். இடுக்கி பட்டதும் தசை வெடுக்கென்று துடித்தது. டாக்டரம்மாவின் முகம் தெளிந்தது. பிழைத்துவிட்டது, சில நாளில் தோல் வைத்து மூடலாம், இரண்டு விரல் மரத்தே கிடக்கலாம், ஆனால் நடப்பான் என்றார்.

"பாக்க அருவருப்பா இருக்கா?" என்றான் அவன், கூரையைப் பார்த்தபடி.

"ஆமா, குமட்டுது. காலை ஆட்டாம படுங்க" என்று சொல்லி, நர்ஸ் கட்டுப் போட வசதியாகக் குதிகாலைத் தாங்கிப் பிடித்தாள்.