பியானோவுக்குள் ஒரு பல்ப்

என் அலுமாரியின் அடித்தட்டில் ஒரு சின்னப் பல்ப் இரவும் பகலும் எரிகிறது. கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் உடுப்புகள் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கக் கொழும்பு வெள்ளவத்தையில் சிலர் செய்கிற ஏற்பாடுதான். ஆனால் என் பல்ப் காப்பது உடுப்புகளை அல்ல, ஒரு வீடியோ நாடாவை. மின்சாரக் கட்டணம் வரும்போதெல்லாம் மனைவி அந்தப் பல்பைச் சக்களத்தியைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். நான் பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். பயந்த சுபாவம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. பல்லிக்குப் பயம், பல் வைத்தியருக்குப் பயம், சீருடை போட்ட எவருக்கும், தபால்காரர் உட்பட, பயம். அந்த நாடாவில் பதிவாகியிருப்பதும், ஒரு வகையில் பார்த்தால், என்னுடைய பயம்தான்.

பல்ப் வைக்கும் பழக்கத்தை நான் மச்சாளிடமிருந்து எடுத்தேன். மச்சாள் என்றால் என் தாய்மாமாவின் மகள். எனக்கும் அவளுக்கும் சில மாதங்களே வித்தியாசம். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாமாவும் அவளும் மட்டும் இருந்த வீட்டின் முன்னறையை ஒரு பியானோ அடைத்துக்கொண்டிருந்தது. அவுஸ்திரேலியாவுக்குப் போன ஒரு பறங்கிக் குடும்பம் விற்றுவிட்டுப்போன பியானோ. உப்புக்காற்றுக்குக் கம்பிகள் துருப்பிடிக்கும், மழைக்காலத்தில் மரம் ஊதிக் கட்டைகள் அழுத்தியது அழுத்தியபடி நிற்கும். அதனால் உள்ளே, கீழ்ப்பலகைக்குப் பின்னால், ஒரு பல்ப் எப்போதும் எரியும். சுவரிலிருந்து ஒரு வயர் பின்பக்கத் துளை வழியே பெட்டிக்குள் போகும். இருட்டினால் பலகை இடுக்குகளில் மஞ்சள் வெளிச்சம் கசியும். சுவாமி அறையில் எரிந்த விளக்கைவிட அந்த வீட்டில் அந்தப் பல்புக்கு மரியாதை அதிகம் என்று நான் பகிடி பண்ணுவேன். “சாமிக்குச் சளி தடிமன் வராது, மச்சான். இதுக்கு வரும்” என்பாள்.

ஊர்ப் பிள்ளைகளை லண்டன் பியானோப் பரீட்சைக்குத் தயார்படுத்துவதுதான் அவள் தொழில். தனக்கென்று அவள் வாசிப்பது எல்லாப் பிள்ளைகளும் போனபிறகுதான். யுத்தம் எங்களையெல்லாம் அடையாள அட்டையோடு படுக்கப் பழக்கியிருந்த அந்த வருடங்களில், ஐரோப்பாவில் நடக்கும் ஒரு சர்வதேசப் பியானோப் போட்டியின் விதிமுறைகள் அவளுக்குத் தபாலில் வந்தன. முப்பது வயதைத் தாண்டியவர்கள் சேர முடியாது. அவளுக்கு அது கடைசி வருடம். முதற்சுற்றுக்கு வீடியோ நாடா அனுப்ப வேண்டும். ஒரே மெட்டை மூன்று குரல்கள் துரத்தித் திரியும் ஃபியூக் ஒன்று, பல பகுதிகள் கொண்ட சொனாட்டா ஒன்று முழுதாக, விரல் வேகத்தைக் காட்டும் எத்தூட் ஒன்று, இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது ஏதாவது ஒன்று. விண்ணப்பத்தில் பதிந்து கொடுத்த ஒழுங்கில், தாள் பார்க்காமல் வாசிக்க வேண்டும். கமரா அசையக்கூடாது. தொடங்கினால் முடியும்வரை நிறுத்தக்கூடாது, பிறகு எதையும் வெட்டவோ ஒட்டவோ கூடாது. இரண்டு கைகளும் எப்போதும் தெரிய வேண்டும். போட்டியாளரைத் தவிர வேறெவரும் படத்தில் விழக்கூடாது. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவசரகாலச் சட்டத்தைவிட இது இறுக்கமாய்க் கிடக்கு” என்றார்.

படம் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. கொட்டாஞ்சேனையில் நான் வாடகைக்கு இருந்த அறைக்குக் கீழே ஒரு கலியாண வீடியோக்காரர் கடை வைத்திருந்தார். கமராவை இரவல் தரச் சம்மதித்தவர் கேட்ட முதற்கேள்வி, தாலிகட்டு எத்தனை மணிக்கு என்பது. விளக்கினேன். வெட்டாமல், ஒட்டாமல், மேலே பூ விழாமல், இதயத்துக்குள் முகம் தோன்றாமல் என்றதும் அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அப்படி எடுத்தா மனுசன் பாப்பானா, தம்பி?” என்றார். கமரா ஓடும்போது எரியும் சிவப்பு வெளிச்சத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அது எரிவதைக் கண்டால் மணப்பெண்கள் விறைத்துப்போகிறார்களாம். அழுத்த வேண்டிய பொத்தானைக் காட்டினார். மற்றவற்றைத் தொட்டால் கையை வெட்டுவேன் என்றும் சொன்னார்.

ஒரு ஞாயிறு காலை. மாமா கேட்டடியில் நின்றார். சந்தையிலிருந்து சைக்கிளில் வரும் மீன்காரன் எங்கள் வாசலில் கூவாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. மச்சாள் வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். நான் பொத்தானை அழுத்திவிட்டு மூச்சை அடக்கினேன். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கடற்கரை ரயில் கடந்துபோகக் காத்திருந்தாள். ரயில் போய் ஓய்ந்தது. அப்போது கேட்டடியில் மாமா யாரையோ “சேர்” என்றார். மாமா மீன்காரனைச் சேர் என்று கூப்பிடுவதில்லை.

சோதனைக்கு வந்த சீருடைக்காரர்களில் இரண்டு பேர் நேரே உள்ளறைகளுக்குப் போனார்கள். அதிகாரியும் துவக்கு வைத்திருந்த இன்னொருவரும் முன்னறையில் நின்றார்கள். பொலிசில் கொடுத்த வீட்டுப் பதிவில் இரண்டு பெயர்கள், வீட்டில் மூன்று பேர். மூன்றாவது ஆளான என்னைப் பியானோவுக்குப் பக்கத்துச் சுவரோடு போய் நிற்கச் சொன்னார் அதிகாரி. கையைத் தூக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் தூக்கினேன். சொல்லும்வரை காத்திருந்து தூக்குவது மரியாதைக் குறைவு என்று பட்டது.

கமரா எதற்கு என்று கேட்டார். கலியாணத்துக்கு என்றேன். யாருக்கு என்றார். கண்ணால் மச்சாளைக் காட்டினேன். மாப்பிள்ளை எங்கே என்றார். என் வாய் என்னைக் கேளாமல் “மம தமய், சேர்” என்றது. நான்தான், சேர். வாசலில் நின்ற மாமா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் முதுகில் ஊர்கிறது. மச்சாள் திரும்பவில்லை. ஆனால் அவள் காதுமடல் சிவந்ததைக் கண்டேன். கோபமா சிரிப்பா என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

பிறகுதான் அவர் அந்த வயரைக் கண்டார். சுவரிலிருந்து புறப்பட்டு, மூடிய ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் போகும் வயர். கொழும்பில் அந்த நாட்களில் அப்படியொரு காட்சிக்கு ஓர் அர்த்தம்தான் இருந்தது, குண்டு. இவ்வளவு காலம் அந்த வீட்டுக்குப் போய்வந்த எனக்கோ, அவசரகாலச் சட்டம் பேசிய மாமாவுக்கோ அது தோன்றவே இல்லை. துவக்குக்காரர் இரண்டடி பின்வாங்கினார். வயர் எதற்கு என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார். நான் முந்திக்கொண்டு “பியானோ எகட்ட ஹெம்பிரிஸ்ஸாவ, சேர்” என்றேன். பியானோவுக்குத் தடிமன். எனக்குத் தெரிந்த சிங்களம் அன்று முழுவதும் என்னைக் கொல்லவே வேலை செய்தது. மச்சாள் எழுந்து, நல்ல சிங்களத்தில், ஈரத்துக்காக என்று சொன்னாள். மேற்பலகையையும் கீழ்ப்பலகையையும் தானே கழற்றிச் சுவரில் சாய்த்தாள். உள்ளே பல்ப் ஒன்றும் அறியாததுபோல் எரிந்துகொண்டிருந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். நம்பினாரோ என்னவோ, அப்படியென்றால் வாசி என்றார்.

அவள் உட்கார்ந்தாள். கமரா ஓடிக்கொண்டிருந்தது அந்த அறையில் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவள் ஃபியூக்கில் தொடங்கினாள். பலகை இல்லாததால் சுத்தியல்கள் வரிசையாக எழுந்து விழுவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதிகாரி போதும் என்றார். அவள் நிறுத்தவில்லை. இன்னொரு தரம், கொஞ்சம் உரத்து, போதும் என்றார். மூன்றாவது குரல் இடதுகையில் உள்ளே வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் கையை இன்னும் உயர்த்தினேன். அதற்குமேல் என்ன செய்ய முடியும், என் கைகளுக்கு அவ்வளவுதான் நீளம். உள்ளறைகளில் மாமா சேர்த்துவைத்த பழைய பத்திரிகைக் கட்டுகளை அவருடைய ஆட்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும் என்று நினைத்திருப்பார், கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். இசை அவரை உருக்கியது என்று எழுத ஆசைதான். அவர் கொட்டாவி விட்டார். துவக்குக்காரர் ஜன்னலால் கடலைப் பார்த்தார். சொனாட்டாவின் மெதுவான பகுதியில் வோக்கிடோக்கி கரகரத்தது. அவள் அதையும் தாண்டிப் போனாள். சொனாட்டா முடிய எத்தூட், எத்தூட் முடிய மற்றது, பதிந்து கொடுத்த ஒழுங்கில். ஒரு சுரம் பிசகவில்லை. கடைசிச் சுரம் அடங்கும்வரை கால் மிதியில் இருந்தது. பிறகு கையை மடியில் வைத்து, என் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

“மச்சான், கையை இறக்கும். முடிஞ்சுது.”

என்னையும் பல்பையும் கொண்டுபோனார்கள். கலியாணக் கமராவை ஒருவரும் தொடவில்லை. கொட்டாஞ்சேனைப் பொலிசில் நான் பதிந்த துண்டோடு மாமா வந்து நின்றபிறகு, மாலையில் என்னை விட்டார்கள். பல்பை விடவில்லை. அந்தப் பெட்டிக்குள் இனி வயர் எதுவும் போகக்கூடாது என்று மாமாவிடம் சொல்லியும் அனுப்பினார்கள்.

திரும்பி வந்ததும் மூன்று பேருமாக நாடாவைப் போட்டுப் பார்த்தோம். எனக்குப் பியானோவில் பெரிய ஞானம் இல்லை. அவளே, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “இதுக்கு மேலை என்னாலை ஏலாது” என்றாள். எல்லா விதியும் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. படத்தின் இடது ஓரத்தில் ஒரு முழங்கையும் துவக்கின் வாயும். வலது பக்கத்தில், உச்சிமுதல் முழங்கால்வரை, கையைத் தூக்கியபடி நான். வாசிப்புத் தொடங்கியதிலிருந்து முடியும்வரை அசையாமல், விதிமுறையில் கமராவுக்குச் சொன்னபடி.

அவள் அப்படியே அனுப்ப வேண்டும் என்றாள். காரணத்தை எழுதினால் புரிந்துகொள்ள மாட்டார்களா என்றாள். வெளிநாட்டுக்குப் போகும் பொதிகளைத் தபால் கந்தோரில் பிரித்துப் பார்த்த காலம் அது. மாமா எழுந்து நாடாவை வெளியே எடுத்தார். பிறகு, “இதைப் பாக்கிறவன் பியானோவையோ பிள்ளை பாப்பான்?” என்று மட்டும் கேட்டார். கொட்டாஞ்சேனை வீடியோக்காரரிடம் கொடுத்தால் என்மேல் ஒரு ரோசாப்பூவும் துவக்கின்மேல் ஒரு இதயமும் போட்டு மறைத்துத் தருவார் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “வெட்டப்படாது எண்டு போட்டிருக்கு, மச்சான்” என்றாள்.

திரும்ப எடுக்கலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் மாமா பல்ப் வைக்க விடவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, வயர் இல்லாத பெட்டியைக் கண்டு நிம்மதிப்பட்டவர்களில் நானும் ஒருவன். அந்த வருடம் மழை முன்னதாகத் தொடங்கியது. முதலில் கீழ்க்கட்டைகள் இரண்டு எழும்ப மறுத்தன. பிறகு நடுவில். அவள் சிரட்டைக் கரியைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிட்டாள், ஈரத்தை இழுக்கும் என்று யாரோ சொன்னார்களாம். திகதி கடந்தது. அவளுக்கு முப்பது முடிந்தது. அடுத்த வருடமே லண்டனுக்குக் கலியாணமாகிப் போனாள். மாப்பிள்ளை நானல்ல, நல்ல மனிதர். சுவர் மெலிந்த அடுக்குமாடி வீட்டில் பியானோவுக்கு இடமில்லை என்று எழுதினாள். கடிதங்களைத் தரம்பிரிக்கும் வேலை கிடைத்திருக்கிறது, விரல் வேகம் உதவுகிறது என்றும் எழுதியிருந்தாள். போனவருடம் மாரியில் அவள் இறந்துபோனாள்.

சில கிழமைகளுக்கு முன் அவளுடைய மகன் தொலைபேசி எடுத்தான். அம்மா வாசித்தது ஏதாவது உங்களிடம் இருக்கிறதா, மாமா, நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை என்று, உடைந்த தமிழில். நாடாவை எடுத்துக்கொண்டு காலி வீதியில் பழைய நாடாக்களைப் பிரதி எடுக்கும் ஒரு கடைக்குப் போனேன். கணினியில் இருந்த பெண் நல்ல கெட்டிக்காரி. பூஞ்சணம் ஒன்றும் இல்லை, அங்கிள், வடிவாய் வைச்சிருக்கிறியள் என்று பாராட்டினாள். பிறகு திரையில் விரலை வைத்தாள்.

“இந்தக் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிற ஆளை எடுத்துவிடட்டே? ஆர் இவர்?”

அன்றைக்கு எனக்குத் தலைமயிர் இருந்தது, அவளைக் குறைசொல்ல முடியாது. இப்போது அது ஒரு நிமிட வேலையாம். துவக்கும் போகும், நானும் போவேன், மச்சாள் மட்டும் வெறும் சுவரின் முன்னால் வாசிப்பாள். அப்படியொரு நாடாவுக்காகத்தான் அந்த வீடே ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தது. என்னைப் படத்திலிருந்து எடுத்துவிட யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆளும் நானல்ல.

“வேண்டாம், பிள்ளை. வெட்டப்படாது” என்றேன்.

முழுதாக அனுப்பினேன். நாடாவை மறுபடி அலுமாரியின் அடித்தட்டில், பல்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அன்று அந்தக் கடையில்தான் அதை முதன்முறையாகக் கடைசிவரை கவனித்துப் பார்த்தேன். அவள் திரும்பி, கையை இறக்கும் என்கிறாள். அந்தச் சுவரோரத்து ஆள் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். கை இறங்கவில்லை. அதற்குள் நாடா முடிந்துவிடுகிறது.